பனியன் கம்பெனி ஓய்வு: 33 லட்சத்தை எங்கே, எப்படிப் போடுவது?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருக்கிறேன். 1999 ஜனவரியில் சேர்ந்தேன். 2026 ஜனவரியில் 58 வயது முடிந்து ஓய்வு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 24,000 ரூபாய். பி.எஃப். கணக்கில் 22 லட்சம் இருக்கிறது. கிராஜுவிட்டி 3.24 லட்சம் வரும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஒரே வங்கியில் 7 லட்சம் டெபாசிட் உள்ளது. பி.எஃப். பென்ஷன் மாதம் 6,200 வரும் என்று நண்பர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். சொந்த வீடு, கடன் இல்லை. மனைவிக்கு வயது 52, எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. மாதச் செலவு 22,000. மகன் மொபைல் கடை வைக்க 8 லட்சம் கேட்கிறான். தெரிந்த ஏஜென்ட் ஒருவர், ஆண்டுக்கு 3 லட்சம் வீதம் பத்து ஆண்டுகள் கட்டும் இன்சூரன்ஸ் திட்டத்தில் சேரச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் உங்களுக்கு வர வேண்டிய தொகைகளைச் சரிபார்த்துவிடுவோம். இரண்டு இடத்தில் கணக்கு தவறாக இருக்கிறது. ஒன்று உங்களுக்குச் சாதகம், மற்றது பாதகம்.

கிராஜுவிட்டியைக் கணக்கிடும்போது மாதத்தை 30 நாளாக எடுக்கக் கூடாது, 26 நாளாக எடுக்க வேண்டும். 24,000-ஐ 26-ஆல் வகுத்து, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்பதால் 15-ஆல் பெருக்கி, 27 ஆண்டுகளால் பெருக்கினால் 3,73,846 ரூபாய். உங்கள் அலுவலகம் 30-ஆல் வகுத்திருக்கிறது. அதனால் குறைவது 49,846 ரூபாய். சண்டை போடத் தேவையில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, விண்ணப்பத்தோடு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 30 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தாமதித்தால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும்.

பென்ஷன் விஷயத்தில் நண்பர் செய்த தவறைப் பலரும் செய்கிறார்கள். பென்ஷன் கணக்குக்கான சம்பள உச்சவரம்பான 15,000-ஐ, கூட்டப்படும் இரண்டு ஆண்டும் சேர்ந்த மொத்தப் பணிக்காலமான 29 ஆண்டால் பெருக்கி 70-ஆல் வகுத்திருக்கிறார். ஆனால் 2014 செப்டம்பர் 1-க்கு முந்தைய பணிக்காலத்துக்குச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய்தான். அதற்குப் பிந்தைய காலத்துக்கு மட்டுமே 15,000. உங்களுக்கு முதல் பகுதி 15 ஆண்டு 8 மாதம். அதற்குச் சுமார் 1,455 ரூபாய். இரண்டாம் பகுதி 11 ஆண்டு 4 மாதம்; அதற்குச் சுமார் 2,430. இருபது ஆண்டுக்கு மேல் பணி செய்தவர்களுக்குக் கூட்டப்படும் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தால் 4,100 ரூபாயை ஒட்டி வரும். இனி 6,200 என்று நினைத்து எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

பென்ஷனை 60 வயது வரை தள்ளிப்போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டில் நீங்கள் விடுவது 98,400 ரூபாய். கூடுவது மாதம் 335 ரூபாய். விட்டதைப் பிடிக்க 24 ஆண்டுக்கு மேல் ஆகும். 58-லேயே வாங்கத் தொடங்குங்கள்.

இந்த மாதமே யு.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் உள்நுழைந்து பாருங்கள். பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, 1999-லிருந்து முழுப் பணிக்காலமும் தெரிகிறதா, மனைவி பெயரில் இ-நாமினேஷன் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஓய்வுக்குப் பிறகு திருத்தம் கேட்டு அலைவது பெரும் துன்பம். கம்பெனியில் இருக்கும்போது எச்.ஆர். ஒரு கையெழுத்தில் முடித்துத் தருவார். ஓய்வு பெற்றதும் வெளியேறிய தேதியைக் கம்பெனி பதிவேற்ற வேண்டும். பி.எஃப். தொகைக்குப் படிவம் 19, பென்ஷனுக்குப் படிவம் 10டி. 10டி-க்கு மனைவியோடு சேர்ந்து எடுத்த புகைப்படம் தேவைப்படும். பென்ஷன் தொடங்கிய பின் ஆண்டுக்கு ஒருமுறை உயிர்ச்சான்று கொடுக்க மறந்தால் பணம் நின்றுவிடும்.

ஆக, கையில் 22 லட்சம், 3.74 லட்சம், 7 லட்சம்: மொத்தம் 32.74 லட்சம். இது உங்கள் ஆயுளுக்கு மட்டும் அல்ல. மனைவி உங்களைவிட ஆறு வயது இளையவர். அவர் 85 வயது வரை இருப்பார் என்று வைத்தால் இந்தப் பணம் 33 ஆண்டுகள் ஓட வேண்டும். உங்களுக்குப் பிறகு அவருக்கு வரும் குடும்ப பென்ஷன் பாதிதான், அதாவது சுமார் 2,050 ரூபாய். அதனால் மனைவியின் முதுமையை வைத்துத்தான் கீழே உள்ள எல்லாவற்றையும் முடிவு செய்திருக்கிறேன்.

15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். 2025-26 நிதியாண்டில் வட்டி 8.2 சதவீதம். போடும் நாளில் உள்ள வட்டி ஐந்து ஆண்டுக்கும் மாறாது. காலாண்டுக்கு 30,750 ரூபாய் கணக்கில் விழும். மாதக் கணக்கில் 10,250. 60 வயது ஆகவில்லையே என்று அஞ்சலகத்தில் திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள். 55 வயதுக்கு மேல் ஓய்வு பெற்றவர்கள், ஓய்வுப் பலன் கைக்கு வந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கணக்குத் தொடங்கலாம். அதற்கு, ஓய்வு பெற்றதையும் பெற்ற தொகையையும் குறிப்பிட்டுக் கம்பெனி தரும் சான்று வேண்டும். கடைசி வேலை நாளிலேயே அதைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மாதம் தாண்டினால் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இத்திட்டத்தில் மனைவியை நாமினியாகப் போட்டாலும், இணைக் கணக்குதாரராகச் சேர்த்தாலும், உங்களுக்குப் பின் அவர் கணக்கைத் தொடர அவருக்கும் தகுதி வயது இருக்க வேண்டும். 60-க்குள் என்றால் கணக்கை முடித்துப் பணத்தை வாங்கத்தான் முடியும். இறந்த தேதியிலிருந்து சேமிப்புக் கணக்கு வட்டி மட்டுமே சேரும். ஆகவே ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் உடனே முடிக்க வேண்டும் என்பதை இப்போதே அவரிடம் சொல்லி வையுங்கள்.

இந்தக் குறை இருப்பதால்தான் எல்லாவற்றையும் அங்கேயே போடச் சொல்லவில்லை. 9 லட்சத்தை அஞ்சலக மாதாந்திர வருமானத் திட்டத்தில் இருவர் பெயரிலும் போடுங்கள். இதற்கு வயது வரம்பு இல்லை. வட்டி 7.4 சதவீதம், மாதம் 5,550 ரூபாய். கூட்டுக் கணக்கில் 15 லட்சம் வரை அனுமதி உண்டு என்றாலும் 9 லட்சத்தோடு நிறுத்துகிறேன். ஒருவர் மறைந்தால் அது தனிக் கணக்காகும், தனிக் கணக்கின் உச்சவரம்பு 9 லட்சம். மனைவிக்கு 60 ஆகும்போது அவர் பெயரிலேயே மூத்த குடிமக்கள் கணக்குத் தொடங்கி, கூடுதல் வட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

3.74 லட்சம் வங்கி டெபாசிட்டில் அவசரத்துக்கு இருக்கட்டும். ஒரே ரசீதாக வேண்டாம், நான்காகப் பிரித்தால் தேவைப்பட்டதை மட்டும் உடைக்கலாம். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற முறையில் கணக்கு இருக்க வேண்டும். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதால் இன்றைய 7 லட்சம் ஒரே இடத்தில் இருப்பதும் சரியல்ல.

மீதி 5 லட்சம் விலைவாசிக்கு எதிரானது. 6 சதவீத விலை உயர்வில் இன்றைய 22,000 ரூபாய்ச் செலவு 12 ஆண்டில் 44,000 ஆகும். வட்டியோ அதே இடத்தில் நிற்கும். இந்த 5 லட்சத்தை லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மியூச்சுவல் ஃபண்ட்) போட்டு, மாதம் 25,000 வீதம் 20 மாதங்களில் ஒரு பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டுக்கு (பங்கும் கடன் பத்திரமும் கலந்த மியூச்சுவல் ஃபண்ட்) மாற்றுங்கள். 8 சதவீதம் வளர்ந்தால் 12 ஆண்டில் சுமார் 12.6 லட்சம், 10 சதவீதம் என்றால் 15.7 லட்சம். இரண்டுக்கும் உத்தரவாதம் இல்லை. 2020 மார்ச் வரையிலான இரண்டே மாதத்தில் பங்குச் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. இவ்வகை ஃபண்டுகளில் பங்கின் அளவு குறைவு என்றாலும் அவையும் இறங்கும். அப்படி ஒரு நாளில் பயந்து எடுத்துவிடுவீர்கள் என்றால் இதில் போடவே வேண்டாம்.

வருமானத்தைக் கூட்டுங்கள்: 10,250, 5,550, 4,100. மொத்தம் 19,900. மாதம் 2,100 ரூபாய் துண்டு விழுகிறது. அதற்கு மேல் மருத்துவக் காப்பீட்டுக்கான பிரீமியம் வேறு இருக்கிறது. கம்பெனியின் குழுக் காப்பீடு இருந்தால் வேலை முடிந்ததும் அதுவும் முடியும். ஓய்வுக்கு இரண்டு மாதம் முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றக் கேளுங்கள். ஏற்கெனவே கடந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். புதிதாக எடுத்தால் சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரலாம். எப்படி எடுத்தாலும் சர்க்கரையை மறைக்காதீர்கள், கிளெய்ம் நிராகரிக்கப்படும் முக்கியக் காரணங்களில் அதுவும் ஒன்று.

இந்தப் பற்றாக்குறைக்கு நான் சொல்லும் வழி, உடம்பு இடம் கொடுக்கும்வரை 60 வயது வரையாவது பகுதிநேர வேலை. ஸ்டோர்ஸ் அனுபவம் உள்ளவருக்குத் திருப்பூரில் மாதம் 10,000 ரூபாய்க்கு வேலை கிடைக்காமல் போகாது. துண்டும் பிரீமியமும் அதில் அடங்கிவிடும்.

வரிக்குப் பயப்பட வேண்டாம். பி.எஃப்.-க்கும் கிராஜுவிட்டிக்கும் வரி இல்லை. வட்டியும் பென்ஷனும் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைச் சுற்றித்தான் வரும். வேலைச் சம்பளம் சேர்ந்தாலும் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. ஆனால் 60 வயதுக்குள் வட்டி 50,000-ஐத் தாண்டினால் டி.டி.எஸ். பிடிப்பார்கள் என்பதால், நிதியாண்டுத் தொடக்கத்திலேயே வரி பிடிக்க வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

ஏஜென்ட் சொல்லும் திட்டத்தில் பத்து ஆண்டில் கட்ட வேண்டியது 30 லட்சம். உங்கள் மொத்தச் சேமிப்பே 32.74 லட்சம். சம்பளம் நிற்கும் நாளில் பத்து ஆண்டுக் கடமையைத் தலையில் ஏற்றிக்கொள்ளவே கூடாது. இரண்டு மூன்று தவணையோடு நின்றால் கட்டிய பணத்தில் கணிசமான பகுதி போகலாம். தெளிவாக மறுத்துவிடுங்கள். ஒருவேளை ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம்.

மகனுக்கு 8 லட்சம் கொடுத்தால் 8.2 சதவீத வட்டிக் கணக்கில் மாதம் 5,467 ரூபாய் வருமானம் போகும். உங்கள் துண்டு 2,100-லிருந்து 7,500-ஐத் தாண்டும். இதை அவரை உட்கார வைத்து இந்த எண்களோடு காட்டுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்பாவிடம் 30 லட்சம் இருப்பது மட்டும்தான் தெரியும், அதில் மாதம் எவ்வளவு வரும் என்பது தெரியாது. கடைக்கு முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை அடமானம் இல்லாமல் வங்கிக் கடன் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில், வேலையற்ற இளைஞர்களுக்கான தமிழக அரசின் யூ.ஒய்.இ.ஜி.பி. திட்டத்தில் 25 சதவீத மானியத்தோடு கடனுக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், ஜாமீன் கையெழுத்தும் வேண்டாம். மனது கேட்கவில்லை என்றால், பகுதிநேரச் சம்பளத்தில் மிஞ்சுவதைச் சேர்த்து ஒரு லட்சம் வரை கொடுங்கள். அதைத் திரும்ப வரும் கடனாக எந்தக் கணக்கிலும் எழுதாதீர்கள்.