கடையில் வரும் ரோசெட்டா போட்டியில் வருமா?

கேள்வி: கோவையில் ஒரு கஃபேயில் இரண்டு வருடமாக பாரிஸ்டாவாக இருக்கிறேன். இங்கே இன்னும் மூன்று வாரத்தில் நடக்கும் லாட்டே ஆர்ட் போட்டிக்கு, அதாவது லாட்டே காபியின் மேல் பால் நுரையால் படம் ஊற்றும் போட்டிக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். இருவர் இருவராக ஊற்றி, தோற்றவர் வெளியேறும் ‘த்ரோடவுன்’ முறை. மொத்தம் 16 பேர். அடுக்கடுக்காக ஊற்றும் டியூலிப் பூவும், இலை வடிவ ரோசெட்டாவும் எனக்கு நன்றாக வரும். வீடியோ பார்த்து ஸ்வான் பழகுகிறேன். சில நாள் அன்னமாக வருகிறது, சில நாள் வாத்தாகக்கூட வருவதில்லை. போட்டியில் எதை ஊற்றலாம்? எந்தப் பால் நல்லது? கூட்டம் நின்று பார்த்தால் கை நடுங்குகிறது அண்ணா, அதற்கு என்ன வழி?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடுவோம் தம்பி. 16 பேர் என்றால் கோப்பை வாங்க நீங்கள் தொடர்ந்து நான்கு முறை ஜெயிக்க வேண்டும். நாளைக்கே பத்து டியூலிப், பத்து ஸ்வான் ஊற்றிப் பாருங்கள். வாடிக்கையாளரிடம் வெட்கப்படாமல் கொடுக்கக்கூடியது எத்தனை என்று நேர்மையாக எண்ணுங்கள். டியூலிப்பில் எட்டு, ஸ்வானில் மூன்று தேறுகிறது என்று வையுங்கள். நான்கு சுற்றிலும் டியூலிப் சரியாக விழ நூற்றுக்கு சுமார் 41 வாய்ப்பு. ஸ்வானுக்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. எதிரே நிற்பவரும் சொதப்புவார் என்பது உண்மைதான். ஆனால் அதை நம்பியா மேடை ஏறுவது?

நான் போட்டியிட்டதைவிட நடுவர் மேசையில் நின்றதுதான் அதிகம். அங்கிருந்து பார்க்கும்போது நடப்பது இதுதான். இரண்டு கப் வரும். மூன்று நடுவர்கள் குனிந்து பார்ப்போம். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்றதும் பிடித்த கப்பைக் கை காட்டுவோம். பெரும்பாலும் யாரும் குடித்துப் பார்ப்பதில்லை. அந்தச் சில விநாடிகளில் முதலில் கண்ணில் படுவது வெள்ளைக்கும் பழுப்புக்கும் உள்ள வித்தியாசம். அடுத்து, படம் கப்பின் நடுவில் இருக்கிறதா, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போகிறதா, வெள்ளையில் குமிழ் தெரிகிறதா, பால் விளிம்பு வரை நிறைந்து பளபளக்கிறதா என்று பார்ப்போம். எவ்வளவு கஷ்டமான டிசைன் என்ற கேள்வி இவை எல்லாம் சமமாக இருந்தால்தான் எழும். ஓரத்தில் ஒதுங்கிய, கழுத்து வளைந்த ஸ்வானை நன்றாக அடுக்கிய ஐந்தடுக்கு டியூலிப் தோற்கடிப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

2005 முதல் நடக்கும் உலக லாட்டே ஆர்ட் சாம்பியன்ஷிப்பிலும் ஒரே டிசைனை இரண்டு கப்பில் அச்சு அசலாக ஊற்றிக் காட்டச் சொல்வார்கள். ஊசி, குச்சி வைத்து மேலே வரையவும் அங்கே தனிப் பிரிவு உண்டு. உங்களுடைய த்ரோடவுனில் பிட்சரால், அதாவது மூக்கு வைத்த பால் ஜக்கால், மட்டும் ஊற்றும் ‘ஃப்ரீ போர்’ தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எதற்கும் கேட்டுவிடுங்கள்.

சரி, பாலுக்கு வருவோம். ரோசெட்டா உடைந்தால் கையைக் குறை சொல்கிறோம். பத்தில் ஏழு முறை குற்றவாளி பால்தான்.

நீங்கள் பார்க்கும் வெளிநாட்டு வீடியோக்களில் ஊற்றுவது பெரும்பாலும் 3.25 முதல் 3.5 சதவீதம் கொழுப்புள்ள பால். நம் ஊரில் டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் க்ரீமில் 6. ஆவின் கணக்கில் நீலம், பச்சை, ஆரஞ்சு. அதாவது வீடியோவில் இருக்கும் பால் நம் நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் விழுகிறது. நுரையைத் தாங்கிப் பிடிப்பது பாலின் புரதம். பளபளப்பும் கனமும் கொழுப்பால் வருவது. நீலப் பாக்கெட் சட்டென்று நுரைத்துவிடும், கொஞ்சம் அசந்தால் குமிழும் கெட்டி நுரையுமாகிவிடும். ஆரஞ்சு வழுவழுப்பாக வரும், ஆனால் ஓட்டம் மந்தம். ரோசெட்டாவின் மெல்லிய இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என் தேர்வு பச்சை. நீலத்தையும் பச்சையையும் பாதிப் பாதி கலந்தால் 3.75 வரும், பழகுவதற்கு அதுவும் அருமையான பால். ஆனால் போட்டியில் பால் அவர்கள் கொடுப்பது. எந்தப் பாக்கெட் என்று இன்றைக்கே கேட்டு, மூன்று வாரமும் அதிலேயே பழகுங்கள்.

எந்தப் பாலாக இருந்தாலும் பிரிட்ஜில் இருந்து எடுத்த குளிர்ச்சியோடு, காய்ச்சாமல் பிட்சரில் ஊற்றுங்கள். ஒருமுறை ஸ்டீம் செய்து மிஞ்சியதை மறுபடி ஸ்டீம் செய்யாதீர்கள், அதில் நுரை நிற்காது. சில நாள் பால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சோடா போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தமிட்டு நுரை அடங்கிப்போகும். கொழுப்பு சிதைந்து கொழுப்பு அமிலங்கள் பிரிந்துவிட்ட பால் அப்படிச் செய்யும். அடுத்த பாக்கெட்டைப் பிரியுங்கள், உங்கள் திறமையைச் சந்தேகிக்காதீர்கள்.

நம் வீட்டு ஃபில்டர் காபி நுரையோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. டபராவில் ஆற்றும்போது வரும் நுரை பெரிய குமிழ்களாக மேலே தனியாக நிற்கும். லாட்டேவுக்கு வேண்டிய நுரை பாலோடு கலந்து, கண்ணுக்குக் குமிழே தெரியாமல், உருகத் தொடங்கிய ஐஸ்கிரீம் பதத்தில் இருக்க வேண்டும். பிட்சரின் மூக்கு தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே வரை பால் போதும். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் ‘சுர், சுர்’ என்ற சின்னச் சத்தத்தோடு காற்றை முதல் சில விநாடிகளிலேயே ஏற்றிவிடுங்கள். பிட்சரின் ஜில்லிப்பு போய்விட்டால், அதாவது 35 டிகிரி வாக்கில், காற்று ஏற்றுவது முடிந்திருக்க வேண்டும். அப்புறம் ஸ்டீம் வாண்டை (நீராவி வரும் குழாயை) லேசாக உள்ளே இறக்கி, பாலைச் சுழல மட்டும் விடுங்கள். 55 முதல் 60 டிகிரிக்குள் நிறுத்துங்கள். 70 தாண்டினால் புரதம் கெட்டு, காய்ச்சிய பால் வாசனை வந்துவிடும். கையால் தொட்டே சூட்டைச் சொல்லிவிடுவேன் என்பார்கள் நம் ஆட்கள். இரண்டு வருடம் பிட்சர் பிடித்த கை மரத்துப்போயிருக்கும். ஒரு வாரம் தெர்மாமீட்டர் வைத்துச் சரிபாருங்கள்.

பாலுக்கு அடியில் இருக்கும் எஸ்பிரெஸோ ஷாட்டைப் பற்றி இரண்டே வார்த்தை. வறுத்து இரண்டு மூன்று நாள்கூட ஆகாத கொட்டையில் வாயு அதிகம்; ஷாட்டின் மேல் மிதக்கும் பழுப்பு நுரையான க்ரீமா பொத்தல் பொத்தலாக வந்து படத்தைக் கெடுக்கும். ஒரு வாரம் கடந்ததை எடுங்கள். அப்புறம், ஷாட் விழுந்து காத்திருந்தால் க்ரீமா காய்ந்துவிடும். அதனால் ஷாட் இறங்கும்போதே பால் ஸ்டீம் ஆகட்டும்.

ஊற்றும்போது நீங்கள் எங்கே தவறுகிறீர்கள் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பொதுவாக நான் பார்க்கும் தவறு ஒன்றே. கப் பாதி நிறையும் வரை உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்க வேண்டும். அதன்பின் கப்பைச் சாய்த்து, பிட்சரின் மூக்கைப் பாலின் மேல்பரப்பைத் தொடும் அளவுக்கு இறக்கினால்தான் வெள்ளை மேலே மிதக்கும். பயந்தவர்கள் மூக்கை இறக்குவதில்லை. தாரை உள்ளே மூழ்கி, படம் மங்கலாக, தாமதமாக வருகிறது. அவசரத்தில் கையை இன்னும் வேகமாக ஆட்டுகிறார்கள். ஆட்ட வேண்டியதில்லை, இறக்க வேண்டும்.

நான் முதன்முதலில் கலந்துகொண்ட போட்டியில் என்ன நடந்தது தெரியுமா? எங்கள் கடை மெஷினில் பால் தயாராக கால் நிமிடத்துக்கு மேல் ஆகும். அங்கே வைத்திருந்தது ஸ்டீம் பிய்த்துக்கொண்டு வரும் பெரிய மெஷின். பழக்கதோஷத்தில் அதே அளவு காற்று ஏற்றினேன். பிட்சரில் ஷேவிங் நுரைதான் மிஞ்சியது. முதல் சுற்றிலேயே வெளியே. எதிராளி ஊற்றியது வெறும் ஹார்ட்!

அதனால்தான் சொல்கிறேன், என்ன மெஷின், எத்தனை மில்லி கப், சொந்த பிட்சர் கொண்டுவரலாமா, எத்தனை நிமிடம், பழகிப் பார்க்க நேரம் உண்டா என்று அமைப்பாளர்களிடம் கேட்டு வையுங்கள். கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முடிந்தால் அதே மாதிரி மெஷின் உள்ள கடையில் நண்பர் யாரையாவது பிடித்து ஒரு மாலை நின்று பாருங்கள். முடியாவிட்டால், போட்டியன்று பழகும் நேரத்தில் முதல் பிட்சரைப் படத்துக்காகச் செலவழிக்காதீர்கள். ஸ்டீமின் வேகத்தை அறிய மட்டும் வையுங்கள். கடையில் நான்கு விநாடி காற்று ஏற்றுவீர்கள் என்றால் அங்கே இரண்டே போதுமா என்று அப்போது தெரிந்துவிடும்.

பழகப் பால் செலவு கையைக் கடிக்கும் என்பது எனக்கும் தெரியும். ஸ்டீம் பழக குளிர்ந்த தண்ணீரில் ஒரே ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் போதும், கிட்டத்தட்ட பால் போலவே சுழன்று நுரைக்கும். முடிந்ததும் பிட்சரையும் வாண்டையும் நன்றாகக் கழுவி, சில தடவை ஸ்டீம் திறந்து விடுங்கள். ஷாட்டுக்குப் பதில் கொக்கோ பவுடரைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து ஊற்றிப் பழகலாம். உண்மையான பாலும் ஷாட்டும் கடையில் தினமும் உங்கள் கையில்தானே இருக்கின்றன? மூன்று வாரத்துக்கு எந்த லாட்டே ஆர்டர் வந்தாலும் ஒரே டிசைன். ஒவ்வொன்றையும் நேர் மேலிருந்து படம் எடுங்கள். கப்பின் காது எப்போதும் ஒரே பக்கம் இருக்கட்டும். இரவு அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால், உங்கள் படம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தானாகத் தெரியும்.

கை நடுக்கத்துக்கும் மருந்து இங்கேயே இருக்கிறது. சனி, ஞாயிறு மாலை நெரிசலில், பில்லுக்கு நிற்பவர்கள் பார்க்கும்படி ஊற்றுங்கள். முழங்கைகள் இரண்டையும் விலாவோடு ஒட்டி வையுங்கள். படத்தைத் தொடங்கும்போது பிட்சரின் மூக்கு கப்பின் விளிம்பில் லேசாகச் சாய்ந்திருக்கட்டும். இரண்டு கையும் ஒன்றாக நடுங்கினால் படம் அவ்வளவு கெடாது.

ஸ்வானை விட்டுவிடச் சொல்லவில்லை. முதல் மூன்று சுற்று டியூலிப். இறுதிக்குப் போய், எதிரே நிற்பவர் ஸ்வான் ஊற்றுபவர் என்று தெரிந்து, அன்றைக்குப் பால் உங்கள் சொல்பேச்சு கேட்டால் அப்போது யோசியுங்கள். ரோசெட்டா நடுவில் ஒரு தேர்வாக இருக்கட்டும், அதுவும் பத்தில் ஏழுக்கு மேல் வந்தால்.

கடைசியாக ஒன்று. போட்டியன்று காலையிலிருந்து பழகுகிறேன் பேர்வழி என்று ஊற்றியதையெல்லாம் குடித்துவைக்காதீர்கள். ஐந்தாறு டபுள் ஷாட் உள்ளே போனால் கூட்டம் இல்லாமலே கை நடுங்கும். சுவைத்துத் துப்புங்கள். மதியம் வயிறாரச் சாப்பிட்டு, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போங்கள்.