வாசகர் கேள்விகள்: வினையூக்கி பூசினால் புகைவடிகட்டிக்கு மூச்சு முட்டாதா?

கேள்வி: பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி) லாரிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. நுண்துளைகளால் ஆன அதன் சுவரில் வினையூக்கியையும் பூசுகிறார்கள் என்று படித்தேன். துளைகள் அடைபட்டால் இழுவையும் மைலேஜும் குறையாதா? பிறகு எதற்காகப் பூசுகிறார்கள்?
(நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்)

பதில்: பூச்சு தவறான இடத்தில் படிந்தால் நிச்சயமாகக் குறையும். அதனால்தான் இந்த வடிகட்டியை வடிவமைப்பவர்கள் எவ்வளவு பூசுவது என்பதைவிட எங்கே பூசுவது என்பதைப் பற்றியே அதிகம் கவலைப்படுகிறார்கள்.

வடிகட்டியின் அமைப்பை முதலில் பார்த்துவிடுவோம். கார்டியரைட் அல்லது சிலிக்கான் கார்பைடு போன்ற பீங்கான் பொருளால் ஆன அந்த உருளையின் முகத்தில், சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போல, ஒன்றுவிட்டு ஒன்றாகக் கண்கள் (உருளையின் நீளவாக்கில் ஓடும் குறுகிய வழிகள்) அடைக்கப்பட்டிருக்கும். ஒரு முகத்தில் திறந்திருக்கும் கண் மறுமுகத்தில் அடைபட்டிருப்பதால், உள்ளே நுழைந்த புகை பக்கத்துச் சுவரை ஊடுருவி அடுத்த கண்ணுக்குச் சென்றுதான் வெளியேற முடியும். கரி சுவரோடு தங்கிவிடும். சதுர அங்குலத்துக்கு 300 கண்களும் 0.3 மி.மீ. தடிமனுள்ள சுவரும் கொண்ட வடிகட்டியில் ஒரு கண்ணின் அகலம் ஏறத்தாழ 1.16 மி.மீ. மட்டுமே. ஆயினும் ஒவ்வொரு லிட்டர் கொள்ளளவுக்கும் ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேற்பட்ட சுவர்ப்பரப்பு புகைக்குக் கிடைக்கிறது. இதன் வெளியேறும் முகம் எப்போதும் கரி படியாமலே இருக்க வேண்டும். அங்கே கரி படிந்திருந்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கக்கூடும் என்று பொருள்.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருவோம். சுவரிலுள்ள ஒரு நுண்துளையை மெல்லிய குழாயாகக் கருதினால், அதே அழுத்தத்தில் அதன் வழியே செல்லும் வாயுவின் அளவு விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப மாறும். 12 மைக்ரான் விட்டமுள்ள துளையின் உட்புறத்தில் 2 மைக்ரான் தடிமனுக்குப் பூசினால் விட்டம் 8 மைக்ரானாகச் சுருங்கி, வாயு ஐந்தில் ஒரு பங்காகிவிடுகிறது. அதே பூச்சை 20 மைக்ரான் துளையில் பூசினால் ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சுகிறது. உண்மையான சுவரின் துளைகள் இவ்வளவு ஒழுங்கானவை அல்ல என்றாலும் கணக்கு காட்டும் திசை சரியானதே. பூசாத வடிகட்டியின் சுவரில் பாதியளவோ அதற்கும் குறைவாகவோ வெற்றிடம் (துளைகளின் மொத்த இடம்) இருக்க, கனமான பூச்சைத் தாங்க வேண்டிய வடிகட்டிகளை 60 முதல் 65 சதவீதம் வெற்றிடத்துடனும் பெரிய துளைகளுடனும் உருவாக்குவது இதனால்தான்.

இயற்கையும் இதில் ஓரளவு கைகொடுக்கிறது. வினையூக்கிக் கூழைச் சுவர் உறிஞ்சும்போது, திரி எண்ணெயை இழுப்பதைப் போல, சிறிய துளைகளே முதலில் இழுத்துக்கொள்கின்றன. வாயுவின் பெரும்பகுதி பெரிய துளைகளின் வழியாகவே செல்வதால், சிறியவை நிரம்பினாலும் ஓட்டத்துக்கு நேரும் இழப்பு குறைவுதான். கூழிலுள்ள துகள்களைத் துளைக்குள் நுழையும் அளவுக்கு அரைக்காவிட்டால் அவை சுவரின் மேலேயே தோலாகப் படிந்து, புகை முழுவதும் கடந்தாக வேண்டிய புதிய தடையாகிவிடும்.

எதற்காகப் பூச வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் கரியில்தான் இருக்கிறது. ஓடிய வடிகட்டியில் பெரும் தடை பெரும்பாலும் பூச்சல்ல, சேர்ந்திருக்கும் கரியே. ஆக்சிஜனை மட்டும் நம்பினால் கரி எரிய ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். நைட்ரஜன் டைஆக்சைடு இருந்தால் 250 முதல் 400 டிகிரிக்குள்ளேயே எரியத் தொடங்குகிறது. புகையிலுள்ள நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டைஆக்சைடாக மாற்றித் தருவது பிளாட்டினம் கலந்த பூச்சு. பாரத்துடன் நெடுஞ்சாலையில் ஓடும் லாரியில் அந்த வெப்பம் தானாகவே கிடைத்துவிடும். நகரத்துக்குள்ளேயே நின்று நின்று ஓடும் வண்டியில் கிடைக்காததால், கூடுதல் டீசலைச் செலவழித்துச் சூடேற்ற வேண்டியிருக்கிறது.

கேள்வி: சுவரையே மெல்லியதாக்கிவிட்டால் தடை குறைந்துவிடுமே? கண்களின் எண்ணிக்கையையும் கூட்டலாமே?
(கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியியல் மாணவி)

பதில்: நல்ல யோசனைதான், ஆனால் வெப்பம் குறுக்கே வருகிறது. கரி எரிந்துகொண்டிருக்கும்போது ஓட்டுநர் திடீரென்று ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இன்ஜினை ஐடிலிங்கில் விட்டால், வெப்பத்தை அடித்துச் செல்ல வேண்டிய வாயுவோட்டம் குறைகிறது. அதே நேரத்தில் புகையில் ஆக்சிஜன் கூடுகிறது. கரி அதிகம் சேர்ந்திருந்தால் உள்வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டக்கூடும். மெல்லிய சுவருக்கு, அதுவும் 65 சதவீதம் வெற்றிடமான சுவருக்கு, அந்த வெப்பத்தை உள்வாங்கும் எடை இல்லாததால் அது வெடிப்புவிடும் அல்லது உருகும். கண்களைக் கூட்டினால் சுவர்ப்பரப்பு பெருகுவது உண்மையே. கண் குறுகுவதால் அதன் நீளவாக்கில் உராய்வும் பெருகுகிறது. அதே கொள்ளளவில் நீளத்தைக் குறைத்து விட்டத்தைக் கூட்டுவது இதைவிட நல்ல வழி. வண்டியின் அடிப்பாகத்தில் இடம் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: கரியை எரித்த பிறகும் வடிகட்டி நாளடைவில் அடைபடுவது ஏன்?
(ஓசூரிலிருந்து ஒரு மெக்கானிக்)

பதில்: எஞ்சுவது சாம்பல். இன்ஜின் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், துத்தநாகம், மக்னீசியம் ஆகியவற்றின் சேர்மங்களிலிருந்து வருவதால் எவ்வளவு சூடேற்றினாலும் அது எரியாது. இதற்காகவே குறைந்த சாம்பல் தரும் ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும் என்று வலியுறுத்துகிறார்கள். வடிவமைப்பிலும் ஒரு வழி உண்டு: புகை நுழையும் கண்களைப் பெரிதாகவும் வெளியேறும் கண்களைச் சிறிதாகவும் அமைத்துச் சாம்பலுக்கு இடம் ஒதுக்குகிறார்கள். புதிய வடிகட்டியில் தடை சற்றுக் கூடினாலும், சாம்பல் சேர்ந்த பிறகு இந்த அமைப்பே குறைவான தடையைத் தருகிறது. சுவரின் மேல் மெல்லியதாகப் படிந்த சாம்பல் கரியைத் துளைகளுக்குள் புகவிடாமல் தடுப்பதால், ஓரளவு வரை அது நன்மையும் செய்கிறது. துளைக்குள் புகுந்த சிறிதளவு கரி ஏற்படுத்தும் தடை, சுவரின் மேல் படிந்த அதே அளவு கரி ஏற்படுத்துவதைவிடப் பல மடங்கு அதிகம்.

கேள்வி: பெட்ரோல் கார்களுக்கும் இதே வடிகட்டிதானா?
(சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: உருவம் அதேதான். எரிபொருளை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் பெட்ரோல் இன்ஜின்களுக்கு, ஐரோப்பாவின் யூரோ 6 புகை விதிகள் ஒரு கிலோமீட்டருக்கு 60,000 கோடி துகள்கள் என்ற வரம்பை விதித்த பிறகு இது தேவைப்பட்டது. ஆனால் பெட்ரோல் புகையில் கரி குறைவு, வெப்பம் அதிகம்; ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் எரிபொருள் நின்று ஆக்சிஜன் வந்து கரியை எரித்துவிடுகிறது. டீசலில் சுவரின் மேல் படியும் கரியடுக்கே வடிகட்டும் வேலையில் பாதியைச் செய்துவிடும். பெட்ரோலில் அந்த அடுக்கு உருவாவதே அரிது என்பதால், வெறும் சுவரே துகள்களைப் பிடித்தாக வேண்டும். துளையைப் பெரிதாக்கினால் துகள் தப்பும், சிறிதாக்கினால் மும்முனை வினையூக்கியை (பெட்ரோல் புகையிலுள்ள மூன்று வகை நச்சு வாயுக்களையும் ஒருங்கே மாற்றுவது) பூச இடம் போதாது.