சாட்சி செல்லாது என்றால் வழக்கே கிடையாதா?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். உதுமானியப் பேரரசில் முஸ்லிமுக்கு எதிராகக் கிறிஸ்தவர், யூதர் சொல்லும் சாட்சியம் செல்லாது என்று படித்தேன். அப்படியானால் கடன் கொடுத்த கிறிஸ்தவர் பணத்தைத் திரும்ப வாங்கவே முடியாதா? ஆய்வேட்டில் எப்படி எழுதுவது?

பதில்: வாங்க முடியும். சாட்சி சொல்ல முடியாது என்பது வேறு, வழக்குப் போட முடியாது என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் பாதி ஆய்வேடுகள் வருகின்றன. 17-ஆம் நூற்றாண்டுக் கைசேரி நகரப் பதிவேடுகளில், கிறிஸ்தவர் காஜியிடம் (இஸ்லாமியச் சட்ட நீதிபதி) போய் முஸ்லிம் மேல் வழக்குப் போட்டு ஜெயித்ததும் இருக்கிறது.

சிக்கல் நிரூபிப்பதில்தான். முஸ்லிம் சாட்சிகளைப் பிடிக்க வேண்டும் (காசுக்குச் சாட்சி சொல்பவர்கள் அங்கேயும் உண்டு). கிடைக்காவிட்டால், 'வாங்கவில்லை என்று சத்தியம் செய்' என்று எதிராளியைக் கேட்கலாம். அவர் மறுத்தால் பணம் உங்களுக்கு, சத்தியம் செய்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் விவரமானவர்கள் கடன் கொடுக்கும்போதே காஜியிடம் பதிந்து ஹுஜ்ஜத் என்ற பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள்: பெராத். ஐரோப்பியத் தூதரகங்களின் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சுல்தான் கொடுத்த சலுகைப் பத்திரம் இது. கையில் இருந்தால் உள்ளூர்க் கிறிஸ்தவருக்கும் யூதருக்கும் ஐரோப்பிய வணிகரின் சலுகைகள் கிடைக்கும், 4,000 ஆக்சேக்கு (உதுமானிய வெள்ளி நாணயம்) மேற்பட்ட வழக்கு உள்ளூர்க் காஜியைத் தாண்டி நேராக இஸ்தான்புல்லுக்குப் போய்விடும். 18-ஆம் நூற்றாண்டில் தூதர்களே இதைக் காசுக்கு விற்றார்கள். அலெப்போவில் ஒரு வார்த்தை மொழிபெயர்க்காத வியாபாரிகள்கூட 'மொழிபெயர்ப்பாளர்' ஆனார்கள்! இவர்களுடைய வழக்கைக் காட்டி 'சிறுபான்மையினருக்குக் கிடைத்த நீதி' என்று எழுதினால் அது தப்பு. ஊர்க் கொல்லரிடமோ தையல்காரரிடமோ அந்தப் பத்திரம் ஏது?

1856 சீர்திருத்த ஆணை, முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான வழக்குகளை விசாரிக்கும் கலப்பு நீதிமன்றங்களுக்கு உறுதியளித்தது. அதைக் கொண்டுபோய் முந்தைய நூற்றாண்டுகளில் ஒட்டாதீர்கள்.

அப்புறம், 'ஆய்வேடு முடித்துத் தரப்படும்' என்று பல்கலைக்கழக வாசலில் போர்டு வைத்திருப்பவர்களிடம் போகவே போகாதீர்கள். ஒருவர் 'பொற்காலம்' என்பார், இன்னொருவர் 'கொடுங்கோல்' என்பார், இரண்டுமே வாட்ஸ்அப்பில் வந்ததாக இருக்கும். வடிவமைப்பு, ஓர அளவு, பைண்டிங் நிறம் என்று உயிரை வாங்கும் துறைகள், மூல ஆவணம் ஒன்றையாவது பார்த்தாயா என்று மட்டும் கேட்பதில்லை. இஸ்தான்புல் காஜிப் பதிவேடுகள் இன்றைய துருக்கி எழுத்தில் இணையத்திலேயே கிடைக்கின்றன. மொழிபெயர்ப்புச் செயலியில் ஒரு கடன் வழக்கைப் போட்டு, அடியில் இருக்கும் சாட்சிகளின் பெயர்களை முதலில் படியுங்கள்.