வல்லாரையும் நாலு மணி நேரத் தூக்கமும்

கேள்வி: மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். வயது 51. இருபது வருடமாக இரவு ஒன்பதரைக்குப் படுத்து ஒன்றரைக்கு எழுகிறேன். பகலில் படுப்பதில்லை. உடம்புக்குப் பழகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. நம் ஊருக்கே தூங்கா நகரம் என்றுதானே பெயர்! கொஞ்ச நாளாக யார் எத்தனை கிலோ எடுத்தார்கள் என்பது மட்டும் மறந்துபோகிறது. வல்லாரை மாத்திரை சாப்பிடலாமா? பிளஸ் டூ படிக்கும் மகனுக்கும் கொடுக்கலாமா? அவன் பன்னிரண்டு வரை படிக்கிறான், நாலு மணிக்கு எழுப்பிவிடுகிறோம்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், செல்லூர், மதுரை

பதில்: வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், சுடுசோற்றுக்கு நன்றாக இருக்கும். தூங்காத தூக்கத்தை அது திருப்பித் தராது. "ஒரு குறையும் இல்லை" என்று எழுதிவிட்டு, அடுத்தாற்போலவே கிலோ கணக்கு மறப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தபாலில் போடுமுன் ஒருமுறை வாசித்துப் பார்த்தீர்களா?

பழகிவிட்டது என்பதுதான் இதில் பெரிய ஏமாற்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல உடல்நிலையில் இருந்தவர்களை 14 நாள், சிலரை 4 மணி நேரமும் சிலரை 6 மணி நேரமும் மட்டும் படுக்கவிட்டு, தினமும் கவனத்துக்கும் ஞாபகத்துக்கும் சோதனை வைத்தார்கள். நாளுக்கு நாள் தப்பு கூடிக்கொண்டே போனது. முடிவில் அவர்கள் நிலை ஓரிரு இரவு கண்ணே மூடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் தூக்கம் வருகிறதா என்று கேட்டால், ஏதோ லேசாக, சமாளிக்கலாம் என்றார்களாம். கொட்டாவி குறைந்துவிடுகிறது, தப்பு குறைவதில்லை. அசந்துபோன மூளையிடமே "அசதியா?" என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்?

நானும் இதில் யோக்கியன் இல்லை. ஒரு வருடம் சித்திரைச் சிறப்பிதழுக்காக மூன்று ராத்திரி கண் விழித்து, கடைசிப் பக்கத்தின் மெய்ப்பை மூன்று முறை பார்த்துக் கையெழுத்தும் போட்டேன். அச்சு ஏறுமுன் அச்சகத்துத் தம்பி போன் செய்தார்: "சார், தலைப்பில் 'சித்திரவதைத் திருவிழா' என்று இருக்கிறது. அப்படியே விடலாமா?"

அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு. உங்கள் விஷயம் அப்படியில்லை. சாயங்காலம் ஆறரைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மாசி வீதிகளில் வசூலுக்குப் போவதாகக் கடிதத்தின் மறுபக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றரைக்கு எழுந்தவருக்கு அப்போது 17 மணி நேரம் ஆகியிருக்கும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண் வேகம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிவிடும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997-இல் காட்டினார்கள். நம் நாட்டில் 30-ஐத் தாண்டினாலே வண்டி ஓட்டக்கூடாது. சொட்டுக்கூடக் குடிக்காமலேயே அந்த நிலையில் நீங்கள் விளக்குத்தூண் கூட்டத்துக்குள் வண்டி ஓட்டுகிறீர்கள்.

கணக்கு ஏன் மறக்கிறது என்பதை உங்கள் கடையை வைத்தே சொல்கிறேன். விடிகாலையில் வியாபாரம் சூடாக இருக்கும்போது எல்லாம் துண்டுச்சீட்டில்தான் இருக்கும்: நிலக்கோட்டை மல்லி இவ்வளவு, முல்லை இவ்வளவு என்று. கூட்டம் வடிந்தபிறகு உட்கார்ந்து பேரேட்டில் ஏற்றுவீர்கள். மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிதான் துண்டுச்சீட்டுக் கட்டு. ஆழ்ந்த தூக்கத்தில் அது பகலில் நடந்ததை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. அப்போதுதான் அது மேல்மூளைப் பேரேட்டில் ஏறுகிறது. இருபது வருடமாகப் பேரேடு எழுதுகிற நேரத்தில் பாதியை வெட்டிவிட்டு, சீட்டைக் காணோம் என்கிறீர்கள்.

மார்க்கெட்டில் நாலு டீயாவது உள்ளே போகும். டீயால் தூக்கக் கடன் அடையாது. விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் சேரும், அதுதான் தூக்கத்தை வரவழைப்பது. காஃபின் அது உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். கடன்காரர் வாசலில் நிற்கும்போது காலிங் பெல்லைக் கழற்றி வைப்பதற்கு ஒப்பானது.

தூக்கத்தில் மூளை தன் கழிவைக் கழுவிக்கொள்கிறது என்பதையும் நிறையப் பேர் சொல்வார்கள். 2013-இல் எலிகளில் அப்படிக் கண்டார்கள். 2024-இல் வேறொரு குழு, அதுவும் எலிகளை வைத்தே, மறுத்தது. வழக்கு நடக்கிறது, நான் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் இங்கிலாந்தில் ஏறக்குறைய 8,000 அரசு ஊழியர்களை 25 வருடம் தொடர்ந்து கவனித்து 2021-இல் வந்த கணக்கு ஒன்று உண்டு. ஐம்பதிலும் அறுபதிலும் எழுபதிலும் 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரம் தூங்கியவர்களைவிட மறதிநோய் சுமார் 30 சதவீதம் அதிகம். தூக்கக் குறைவுதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 51 வயதில் அலட்சியப்படுத்தவும் முடியாது.

தூங்கா நகரம் என்கிறீர்கள். மதுரைக்காஞ்சி என்ற சங்கப் பாட்டில் அல்லங்காடி, அதாவது இரவுக் கடைத்தெரு உண்டு, சரி. ஆனால் முதல் யாமம் கழிந்ததும் கடைகளை அடைக்கிறார்கள், பணியாரம் விற்றவர் உட்கார்ந்தபடியே உறங்குகிறார், விழாவில் ஆடிய கூத்தரும் படுத்துவிடுகிறார்கள். நள்ளிரவில் விழித்திருப்பவர்கள் கள்வரும் ஊர்க்காவலரும்தான். நீங்கள் இரண்டிலும் சேர்த்தி இல்லை.

மகனை விடுங்கள், தூங்கட்டும். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். நீங்கள் கொடுப்பது நாலு. விடிகாலைப் படிப்பு மனதில் ஒட்டும் என்று நம் பெரியவர்கள் சொன்னது, எட்டு மணிக்கு விளக்கை அணைத்த வீட்டில். பன்னிரண்டு வரை படித்ததை நாலு மணிக்கு எழுப்பிக் கலைக்கிறீர்கள்.

மார்க்கெட் உங்களுக்காக ஒன்பது மணிக்குத் திறக்காது, தெரியும். வசூலைப் பகலுக்கு மாற்றி இரவு எட்டரைக்குப் படுங்கள். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை ஜன்னலை மூடி, போனை வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தினமும் அதே நேரத்தில் தூங்குங்கள். 7 மணி நேரம் கணக்காகிவிடும். பகல் தூக்கம் சோம்பேறித்தனம் என்பவர் ராத்திரி ஒன்றரைக்கு வந்து கூடை இறக்கட்டும். குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டு அம்மாவிடமே கேளுங்கள். ஆமாம் என்றால் டாக்டரிடம் போக வேண்டும். போகும்போது வைட்டமின் பி12, தைராய்டு, சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், மறதிக்கு அவையும் காரணமாகலாம்.

அப்புறம், இந்த வருடச் சந்தாவை மார்ச்சிலும் அனுப்பியிருக்கிறீர்கள், ஏப்ரலிலும் அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றை அடுத்த வருடத்துக்கு வரவு வைத்துவிட்டோம்.