அந்த ஒரு நாள் நீங்கள் பின்னால் நடங்கள்

கேள்வி: மதுரையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். எங்கள் கோவைக் கிளையை மூடிவிட்டு அங்கிருந்த 7 பேரை ஜூன் மாதம் இங்கே மாற்றினார்கள். ஏற்கெனவே இருந்த 11 பேரோடு அவர்கள் இன்னும் ஒட்டவில்லை; மதியச் சாப்பாட்டுக்குக்கூட இரண்டு மேசைகள்தான். ஜனவரியில் ஒரு நாள் எல்லோரையும் வெளியே அழைத்துப்போய்க் குழு ஒற்றுமையை வளர்க்கச் சொல்கிறது நிர்வாகம். சென்ற ஆண்டு ஒரு ரிசார்ட்டில் கயிறு இழுத்தல், பலூன் உடைத்தல், மேடை நடனம் என்று நடத்தினார்கள். ஆட மறுத்த ஒரு பெண்ணைச் சிலர் கேலி செய்ய, அவர் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். குழுவில் முழங்கால் வலி உள்ளவர் ஒருவர், கைக்குழந்தையின் தாய் ஒருவர், இரண்டு முஸ்லிம்கள், ஒரு கிறிஸ்தவர் இருக்கிறார்கள். மதுரையிலேயே, அதிகச் செலவில்லாமல் என்ன செய்யலாம்? வெற்றி பெறுகிறவர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அழுதுகொண்டே போன பெண்ணை மறக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அவர் இன்னும் உங்களோடு வேலை செய்கிறார் என்றால், இந்த ஆண்டுத் திட்டத்தை முதலில் அவரிடம் காட்டுங்கள். அவர் தயங்கும் எதையும் வைக்காதீர்கள்.

கோவையிலிருந்து வந்த 7 பேரின் நிலையை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளி, பழகிய தெரு, கடன் சொல்லி வாங்கிய மளிகைக் கடை எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். இங்கே எதற்கும் யாரையாவது கேட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் 11 பேருக்கோ, வந்தவர்கள் தங்கள் பதவி உயர்வுக்குப் போட்டியாகிவிடுவார்களோ என்ற கவலை இருக்கும். இந்த நிலையில் இரண்டு அணி பிரித்துக் கயிறு இழுக்க விட்டால் இருக்கிற பிளவுதான் இன்னும் இறுகும். அவர்களுக்குத் தேவை, கையில் ஏதோ வேலையோடு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் சில மணி நேரம். இன்னொன்றும் தேவை: அந்த நாளை நடத்துகிறவர் நீங்களாக இருக்கக் கூடாது. ஊரை நன்றாக அறிந்தவர் யாரோ அவர் முன்னால் நடக்கட்டும். அவர் உங்கள் அலுவலக உதவியாளராக இருக்கலாம், ஓட்டுநராக இருக்கலாம். பதவி வரிசை ஒரு நாள் மாறினால்தான் மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் புதிதாகப் பேசிக்கொள்வார்கள்.

முதலில் தேதி. பொங்கல் வாரம் வேண்டவே வேண்டாம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக் கூட்டம் ஒருபுறம், ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் மறுபுறம். உங்களுடையது கணக்குப் பிரிவு. 20ஆம் தேதி வரை ஜிஎஸ்டி தாக்கல் தலைக்கு மேல் நிற்கும், மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு வந்துவிடும். ஆகவே 21ஆம் தேதிக்குப் பிறகு வரும் ஒரு வேலை நாளைப் பிடியுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் குடியரசு தினமும் அவர்களுடைய சொந்த நாட்கள். விடுமுறையைப் பறித்துக்கொண்டு ஒற்றுமை வளர்ப்பது அநியாயம். அப்போது மழை ஓய்ந்திருக்கும், முன்பனிக் காலம் முடிந்திருக்காது, பகல் பதினொரு மணி வரை வெயில் உறைக்காது.

மதுரை என்றதும் மீனாட்சியம்மன் கோயிலைத்தான் எல்லோரும் சொல்வார்கள். குழுவாக அங்கே போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கொடிமரத்துக்கு அப்பால் இந்துக்கள் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. ஒற்றுமைக்காகப் போன நாளில் உங்கள் சகாக்கள் மூன்று பேர் வெளியே காத்து நிற்பதா?

கீழக்குயில்குடிச் சமணர் மலைக்குப் போங்கள். நகருக்கு மேற்கே, பஸ்ஸில் போய்விடும் தூரம்தான். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் போதும். அதற்கு முன் பனி ஈரத்தில் பாறை வழுக்கும், கைக்குழந்தைக்காரருக்கும் விடியலில் கிளம்புவது முடியாத காரியம். அடிவாரத்தில் அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள், தாமரைக் குளம். முழங்கால் வலி உள்ளவர் அங்கேயே உட்காரலாம். ஆனால் அவரைத் தனியாக விடாதீர்கள். பேச்சுத் துணைக்கு இரண்டு பேர் தாங்களாகவே நிற்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். மற்றவர்கள் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளம் வரை போகலாம். பார்சுவநாதர், பாகுபலி முதலிய சிற்பங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன. சுமார் 9, 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளில், இந்தத் திருமேனியைச் செய்வித்தவர் இன்னார் என்று பொறித்திருக்கிறார்கள். கொடுத்தவர் பெயரை விடாமல் பதிவு செய்திருக்கும் அந்த ஒழுங்கு கணக்குப் பிரிவுக்காரர்களுக்குக் கட்டாயம் பிடிக்கும். முன்பே கல்வெட்டுகளைப் பற்றி வாசித்துவரும்படி ஒருவரிடம் கேளுங்கள். அவர் கோவைக்காரராக இருந்தால் மிகவும் நல்லது. மதுரையைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கட்டும். உள்ளூரில் பிறந்த பலர் இந்த மலையில் ஏறியதே இல்லை.

இரண்டாவது இடம் பக்கத்திலேயே இருக்கிறது: விளாச்சேரி. கொலு பொம்மைகள், பிள்ளையார் சிலைகள், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் எல்லாம் செய்யும் மண்பொம்மைக் கலைஞர்களின் ஊர். நான் இந்த நாளில் அதிகம் நம்புவது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான். ஒரு வாரத்துக்கு முன்பே நேரில் போய், ஏதாவது ஒரு வீட்டில் 18 பேருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். அவர்களுடைய அரை நாள் கூலியையும் மண்ணின் விலையையும் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

அச்சில் செய்யும் பொம்மைக்கு முன்பாதி ஓர் அச்சு, பின்பாதி ஓர் அச்சு. இரண்டிலும் மண்ணை ஒரே கனத்தில் அழுத்தி, விளிம்பில் குழைத்த சேற்றைத் தடவி ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் ஈரம் கூடினாலோ கனம் குறைந்தாலோ காயும்போது விரிசல் விடும். ஆகவே இருவர் இருவராக உட்கார வையுங்கள், மதுரைக்காரர் ஒருவர், கோவைக்காரர் ஒருவர் என்று. மீதமுள்ள 4 மதுரைக்காரர்களும் மண் பிசையட்டும். நீங்களும் அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். 'உன் மண் இளகியிருக்கிறது', 'இன்னும் கொஞ்சம் அழுத்து' என்று பேசாமல் இந்த வேலையைச் செய்யவே முடியாது. யாரும் மேடையேற வேண்டாம், யாரும் தோற்கவும் மாட்டார்கள். கையில் சேறு இருந்தால் செல்போனை எடுக்கவும் முடியாது!

மதியச் சாப்பாட்டில் சைவம், அசைவம் இரண்டும் இருக்கட்டும், அசைவம் ஹலாலாக இருக்கட்டும். நீளமாக ஒரே பந்தி போடுங்கள்.

மாலை நான்கு மணிக்கு மேல், முடிந்தவர்கள் மட்டும் விளக்குத்தூணிலிருந்து பழைய நகரத்தில் நடக்கலாம். கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று மாதங்களின் பெயரிலேயே வீதிகள். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தபோது உருவானவை வெளி வீதிகள். விளக்குத்தூண் அவர் நினைவாக நிற்கிறது. அந்த வேலையைச் செய்து முடித்தவர்களின் பெயர்கள் மாரட் வீதியிலும் பெருமாள் மேஸ்திரி வீதியிலும் இன்றும் வழங்குகின்றன. கலெக்டர் பெயரைச் சொல்லி வழி கேட்பவர் யாரும் இல்லை. மேஸ்திரி பெயரை ஊரே தினமும் சொல்கிறது. இந்த நடையை உங்கள் அலுவலக உதவியாளர் வழிநடத்தட்டும். எந்தச் சந்தில் எது கிடைக்கும், எந்தக் கடையில் பருத்திப்பால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும். சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்த சூடான பருத்திப்பால் தை மாத மாலைக்கு மிகப் பொருத்தம். ஜிகர்தண்டா கேட்பவர்கள் அதையும் குடிக்கட்டும்.

தப்பித் தவறி மழை பிடித்துக்கொண்டால் மலைக்குப் பதில் கீழடி அருங்காட்சியகம். அங்கே பானை ஓடுகளில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் 'ஆதன்' போன்ற பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு விளாச்சேரிக்குப் போனால் பானையின் மீதே மதிப்புக் கூடும்.

சில எச்சரிக்கைகள். கோலப் போட்டி வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பெண்கள் குனிந்து வரைய, ஆண்கள் நின்று மதிப்பெண் போடுவதில் முடியும். வேண்டாம். நீங்களே முன்னதாக ஒருமுறை போய், கழிப்பறை எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்; பெண்கள் பலர் வெளியூர்ப் பயணத்தைத் தவிர்ப்பதற்கு இதுதான் காரணம், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வர விரும்பாதவரிடம் காரணம் கேட்காதீர்கள். படங்களை அவரவர் சம்மதம் இல்லாமல் அலுவலகக் குழுவில் போடாதீர்கள்.

இவ்வளவு செய்தாலும், கோவையில் செய்த பணிக்காலம் இங்கே மூப்பில் சேருமா என்ற கேள்விக்கு நிர்வாகம் எழுத்தில் பதில் தராவிட்டால் இரண்டு மேசைகளும் அப்படியே இருக்கும். ஜனவரிக்கு முன் அந்தப் பதிலை வாங்குவது உங்கள் பொறுப்பு. அலைந்தாவது, வற்புறுத்தியாவது வாங்கிவிடுங்கள்.

பரிசு வேண்டாம். அந்தப் பணத்தை வேனுக்கும் பொம்மைக் கலைஞர்களின் கூலிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பொம்மைகள் காய்ந்து, சூளையில் வெந்து வரச் சில நாட்கள் ஆகும். எடுத்துவர அலுவலக நேரத்திலேயே இரண்டு பேரை அனுப்புங்கள், மேசைக்கு ஒருவராக.