முழங்கால் வருத்தத்தோட அம்மா: பஸ்ஸா, ரயிலா?

தம்பி, முழங்கால் வருத்தம் உள்ள அம்மாவைக் கொழும்பிலயிருந்து திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிவர எது நல்லம் எண்டு கேட்டிருந்தீங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரயிலைப் பிடியுங்கோ.

பஸ் கெதியா வந்திடும், உண்மைதான். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை எண்டு ஏ6 வீதியால ஆறேழு மணித்தியாலம். ஆனா அவ்வளவு நேரமும் காலை மடக்கியபடிதான். போன வருசம் என்ர அம்மா இறங்கேக்க வலது காலை நிமித்தேலாமல் பஸ் கம்பியைப் பிடிச்சபடி கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டவ.

இரவு ரயில் ஒண்டிரண்டு மணித்தியாலம் கூட எடுக்கும், ஆட்டமும் இருக்கு. எண்டாலும் அம்மா எழும்பி ரெண்டடி நடக்கலாம், கழிவறை பக்கத்திலயே. கல்ஓயாவில மட்டக்களப்புப் பாதை பிரிஞ்சாப் பிறகு நித்திரை வராது. விடியப்புறம் தம்பலகாமத்து வயல், பிறகு சீனக்குடா, உப்புக்காத்து முகத்தில அடிக்கும். கழிவறைக்குக் கிட்ட சீற் புக் பண்ணுங்கோ. ரயில் ஓடுதோ எண்டு முதல்நாள் கேட்டுக்கொள்ளுங்கோ.

வான் எண்டால் நாலைஞ்சு பேர் சேர்ந்தால்தான் கட்டும். அதில ஒரு லாபம், கந்தளாயில நிப்பாட்டி எருமைத் தயிர் முட்டி வாங்கலாம்.

ஸ்டேசனிலயிருந்து கோயிலுக்கு ஓட்டோ எடுங்கோ. கோயில் இருக்கிற சுவாமிமலை ஏத்தத்தில அம்மாவை நடக்க விடாதேங்கோ.