சம்பளம் கூடியும் கை காலி

அக்கா, நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். கல்யாணமான புதிதில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு சம்பளம் இப்போது. ஆனாலும் மாதக் கடைசியில் கையைப் பிசைகிறோம். கொஞ்சம் எளிமையாக இருக்கலாமே என்றால், "இவ்வளவு சம்பாதிச்சு எதுக்கு?" என்கிறார் அவர். என்ன பதில் சொல்ல?

அவர் கேட்டது நல்ல கேள்விதான் தங்கச்சி. எதற்கு என்று இரண்டு பேரும் உட்கார்ந்தே பேசுங்கள். பேசுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல வருடம் அடுத்தவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போட்டவள் நான். அதில் வராத நேரம் எவ்வளவு என்பது எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், மாதத்துக்கு 22 நாள் என்றால் 176 மணி நேரம் வேலை. போக வர தினம் 2 மணி நேரம் ஆனால் மொத்தம் 220. அப்புறம் பயணச் செலவு, வேலைக்கென்றே வாங்கும் உடை, சமைக்க முடியாமல் வெளியே சாப்பிடுவது என்று சம்பளத்தில் 15 சதவீதம் போகிறது என்று வையுங்கள். மிச்சத்தை 220-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு சம்பாதிக்கிறோம் என்று நினைத்திருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். ஜோ டொமிங்கஸும் விக்கி ராபினும் 1992-இல் வந்த தங்கள் நூலில் சொல்லிக்கொடுத்த கணக்கு இது. பணம் என்பது நம் ஆயுளைக் கொடுத்து வாங்கியது என்பதுதான் அவர்கள் கட்சி. என் கட்சியும் அதுவே.

என் செலவு நோட்டில் தேதி, பொருள், தொகை என்ற மூன்று கட்டங்களுக்குப் பக்கத்தில் 'மணி' என்று நான்காவது கட்டம் ஒன்று உண்டு. அரை மாதச் சம்பளத்துக்கு ஒரு போன் வாங்கினால் 11 நாள் உழைப்பு என்று தோன்றும். மேலே போட்ட கணக்கில் அது 13 நாள். போய் வரும் நேரமும் சேர்ந்து நாளுக்கு 10 மணி நேரம் என்பதையும் மறக்க வேண்டாம். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் வேண்டும் என்று தோன்றினால், தாராளமாக வாங்குங்கள். எளிமை என்று நான் சொல்வது இவ்வளவுதான்.

இரட்டிப்புச் சம்பளம் எங்கே போனது என்றும் கேட்பீர்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் தெனி திதெரோ 1769-இல் ஒரு கட்டுரை எழுதினார். புதுசாக அழகான அங்கி ஒன்று வருகிறது. அதன் பக்கத்தில் பழைய வைக்கோல் நாற்காலி மட்டமாகத் தெரிகிறது. தோல் நாற்காலி வருகிறது. பிறகு மேசை, பிறகு சுவர்ப் படங்கள். பழைய அங்கிக்கு நான் எஜமானாக இருந்தேன், புதியதற்கு அடிமையாகிவிட்டேன் என்று வருந்துகிறார். உங்கள் வீட்டில் அந்த அங்கி எது என்று தேடுங்கள். பெரும்பாலும் வீடு மாறியபோதோ பதவி உயர்வு வந்தபோதோ நுழைந்திருக்கும்.

அக்கா, பணமாக எண்ணிக் கொடுக்கும்போது மனசு யோசிக்கிறது. கார்டு என்றால் கை தானாக நீள்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

எல்லோருக்கும் அப்படித்தான் தம்பி. டிராஜென் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் கூடைப்பந்து டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம்தான் என்று சொல்லப்பட்டவர்களைவிடச் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் கேட்டார்கள். ஒரே டிக்கெட்!

கார்டை வெட்டிப் போடச் சொல்ல மாட்டேன். பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போடுவார்களே, அதை மட்டும் நம்பாதீர்கள். அதை மட்டும் கட்டினால் மீதிக் கடனுக்கு வட்டி ஓடும். மாதம் 3 சதவீத வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வட்டிக்கு வட்டி ஏறினால் ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். ஒன்றுமே கட்டாமல் விட்டால் இரண்டு வருடத்தில் கடன் இரட்டிப்பாகிவிடும்.

அக்கா, வருமானம் வாடகைக்கும் மருந்துக்குமே சரியாகப் போகிறது. எளிமையாக வாழுங்கள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

கோபம் நியாயம். எளிமை என்பது, வைத்திருக்கிறவர் தானாக விரும்பிக் குறைத்துக்கொள்வது. உங்களுக்கு வேண்டியது கூடுதல் வருமானமும் கொஞ்சம் ஓய்வும்தான், அறிவுரை அல்ல. போதாத வருமானத்தில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

அப்பாவுக்கு 70 வயதாகிறது. நல்ல சேமிப்பு இருக்கிறது. உடைந்த கண்ணாடியை நூல் கட்டிப் போட்டுக்கொள்கிறார். "எளிமைதானே நல்லது" என்கிறார். அவர் சொல்வது சரியா அம்மா?

இது எளிமை இல்லை, பயம். நிறையச் செலவழிக்கிறவரைப் போலவே செலவழிக்கவே முடியாதவரையும் பணம்தான் ஆட்டிவைக்கிறது. அவர் இளவயதில் ஏதோ ஒரு வருடம் கையில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருக்கும். அந்த வருடத்தைப் பற்றி அவரிடம் கேளுங்கள். அவசரப்படுத்தாமல் முழுக்கச் சொல்ல விடுங்கள். கஞ்சத்தனம் என்ற வார்த்தை மட்டும் உங்கள் வாயில் வரக் கூடாது.

அப்புறம் அவருடைய சேமிப்பை, அவர் ஒரு வருடத்தில் செலவழிக்கிற தொகையால் வகுத்து, எத்தனை வருடத்துக்கு வரும் என்று அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். விலைவாசி ஏறும் என்பார். சரி, அதற்கும் சேர்த்துச் செலவை ஒன்றரை மடங்காக வைத்தே போடட்டும். "போதும்ப்பா" என்று நீங்கள் நூறு தடவை சொல்வதைவிட அந்தக் காகிதத்தை அவர் நம்புவார். கண்ணாடிக்கு மட்டும் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போங்கள். அந்த வயதில் பார்வை மங்கினால் கீழே விழுகிற ஆபத்து இருக்கிறது.